பிற எனில் மூன்று படிகள்

தீவிரவாதி வரப்போகும் செய்தியை அந்த அலுவலகத்தில் முதன்முதலில் படித்தவர் தீவிரவாதிதான். படிக்கும்போது அவருக்கே அது தெரியாது. குடிநீர் வாரியக் கிளை அலுவலகத்துக்கு வருகிற தபாலைப் பிரித்து எண் போடுவதும், போகிற தபாலுக்கு எண் போட்டு உறையை ஒட்டுவதும் அவர் வேலை. வேலையின் பெயராலேயே எல்லோரும் அவரை டெஸ்பாட்ச் என்று கூப்பிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே, படி சரிந்து இறங்கும் இடத்தில் அவர் மேசை. எழுந்து நிற்கும்போதெல்லாம் தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துக்கொள்ள வேண்டும். ஏழு வருடத்தில் அது பழகிப்போய், இப்போதெல்லாம் பேருந்து நிலையத்தில் பெஞ்சிலிருந்து எழுந்தாலும் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் எழுகிறார்.

தலைமை அலுவலகச் சுற்றறிக்கை மரியாதையாகத்தான் எழுதப்பட்டிருந்தது. வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தங்கள் அலுவலகத்தைத் தீவிரவாதி ஒருவர் தாக்குவார். இது பாதுகாப்பு ஒத்திகை. தீவிரவாதியையும் அவருக்கான ஆயுதத்தையும் அலுவலகமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தீவிரவாதி எந்த மதத்தையும் சார்ந்தவராகத் தோற்றமளிக்கக் கூடாது. இணைப்பு அ: பேச்சுவார்த்தை நடத்தும் அதிகாரிக்கான கையேடு. இணைப்பு ஆ: தீவிரவாதியின் மூன்று கோரிக்கைகள். டெஸ்பாட்ச் உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார். இணைப்பு ஆ இல்லை. வழக்கம்போல ஓரத்தில் சிவப்பு மையில் ‘இணைப்பு ஆ வரப்பெறவில்லை’ என்று எழுதி மாடிக்கு அனுப்பினார். அவர் சிவப்பு மையில் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுவார்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அறைக்குள் போய் நின்றதும், தலையை நிமிர்த்தாமல், தீவிரவாதி நீங்கதான் என்று சொன்னார். டெஸ்பாட்ச் தயங்கினார். தன் குரலே எழும்பாதே, மீட்டர் பிரிவில் ஆறடி ஆட்கள் இருக்கிறார்களே என்றெல்லாம் இழுத்தார். மேலாளர் மனம்விட்டுச் சிரித்தார்.

“அவங்க சீட்ட விட்டு எந்திரிச்சா வேலை நின்னுரும். நீங்க ரெண்டு மணி நேரம் சீட்ல இல்லன்னா யாருக்கும் ஒரு பாதிப்பும் இல்ல. அதான் உங்களப் போட்டேன்.”

இதைச் சொன்னவர் வேறு யாராவது என்றால் டெஸ்பாட்ச் பொருட்படுத்தாமல் இறங்கி வந்திருப்பார். அவருடைய மனைவி ஒன்பது மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அந்த ஊரிலும் வாரியத்துக்குக் கிளை இருக்கிறது, அந்தக் கிளையில் டெஸ்பாட்ச் நாற்காலியும் காலியாகக் கிடக்கிறது. ஏழு வருடத்துக்கு முன் மாற்றல் கேட்டு மனுக் கொடுத்தார். அதற்குப் பின் பதினொரு நினைவூட்டல்கள். ஒவ்வொன்றுக்கும் தானே எண் போட்டு, தானே பதிவேட்டில் ஏற்றி, தானே மாடிக்குக் கொண்டுபோய் மேலாளரின் தட்டில் வைத்தார். மேலாளர் கையெழுத்துப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் மேலாளர் சொன்ன பதில் ஒன்றே. “உங்கள விட்டா டெஸ்பாட்ச் பாக்க ஆளே இல்லயே. நீங்க போனா ஆபீஸ் நின்னுரும்.” முதல் இரண்டு வருடம் டெஸ்பாட்ச் இதைக் கேட்டுக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருக்கிறார். மாதம் ஒரு தடவை ஊருக்குப் போவார். சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டினால் மகள் திறப்பாள். அப்பா எப்பப் போறீங்க என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. வெறுத்துக் கேட்பதில்லை. பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்பதைப் போல, விவரத்துக்காகக் கேட்பாள். இரண்டாம் வகுப்பில் கேட்க ஆரம்பித்தவள் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள்.

ஆக, தான் இல்லாவிட்டால் அலுவலகம் நின்றுவிடும், தான் இல்லாவிட்டால் யாருக்கும் ஒரு பாதிப்பும் இல்லை என்ற இரண்டு உண்மைகளையும் ஒரே வாயிலிருந்து கேட்டுக்கொண்டு டெஸ்பாட்ச் படி இறங்கினார். மேசைக்குத் திரும்பும்போது படிக்கட்டின் அடிப்பக்கத்தில் தலை இடித்தது. ஏழு வருடத்தில் முதல் தடவை.

தீவிரவாதிக்கு உடை தேர்ந்தெடுப்பது எளிதாக இல்லை. கணக்கர் அதில் தீவிர அக்கறை காட்டினார். அவர் பெரிய பக்திமான். ஒரு நாளைக்கு மூன்று வேளை நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை மூடி, உதட்டை அசைப்பார். டெஸ்பாட்சின் மனு மாடிக்குப் போகும்போதெல்லாம், மேல இருக்கிறவன் பாத்துப்பான்ப்பா என்பார். மேலே இருப்பது மேலாளர் என்பதால் டெஸ்பாட்சுக்கு அதில் ஆறுதல் கிடைத்ததில்லை. பச்சை வேண்டாம், காவி வேண்டாம், வெள்ளை வேண்டாம், கறுப்பு வேண்டவே வேண்டாம் என்று கணக்கர் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஏதோ ஒரு சாமி உரிமை கொண்டாடியது. தாடி வைத்தால் ஒரு கூட்டம் கோபித்துக்கொள்ளும், மழித்தால் இன்னொரு கூட்டம். கடைசியில் மூன்று நாள் தாடி, மேலாளர் அறை சோபாவின் நிறத்தில் ஒரு சட்டை என்று முடிவானது. சோபாவை இதுவரை எந்த மதமும் கேட்டதில்லை.

எல்லாம் முடிந்த பிறகும் கணக்கருக்கு நிறைவில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவனுக்குச் சாகிற துணிச்சல் எங்கிருந்து வரும், இவன் எதை நம்பி உள்ளே வருகிறான் என்று கேட்டார். பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த டைப்பிஸ்ட் அக்கா கையை நிறுத்தாமலே சொன்னாள்: “ரெண்டு நாய் நிக்கிற வீட்டுக்குள்ள மீட்டர் பாக்கப் போறானே நம்ம ஆளு, அவன் எதை நம்பிப் போறான்?”

துப்பாக்கியைக் கொடுத்தவளும் அவள்தான். வீட்டில் கிடந்த பச்சை பிளாஸ்டிக் தண்ணீர்த் துப்பாக்கி. டெஸ்பாட்ச் செவ்வாய்க்கிழமை மாலை உட்கார்ந்து அதற்கு ஷூ பாலிஷ் பூசினார். பார்க்க நன்றாகத்தான் வந்தது. தொட்டால் மட்டும் கையில் ஒட்டியது.

புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையாளர் வந்தார். கழுத்தில் விசில், கையில் அட்டை, அட்டையில் செருகிய படிவம். அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு அலுவலகங்கள் தாக்கப்பட வேண்டியிருப்பதால் அவருக்கு அவசரம். எல்லோரையும் வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்கு அனுப்பிவிட்டு, மாடியில் கூட்ட அறையில் இருவரைப் பிணைக்கைதிகளாக உட்காரவைத்தார். கணக்கர் ஒருவர், டைப்பிஸ்ட் அக்கா ஒருத்தி. எவ்வளவு நேரம் ஆகுமோ என்று அக்கா சாப்பாட்டு டப்பாவோடு வந்திருந்தாள். பதினொரு மணி கணக்கரின் இரண்டாம் வேளைப் பிரார்த்தனை நேரம். ஆகவே தீவிரவாதி துப்பாக்கியைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஆறு நிமிடம் கதவுக்கு வெளியே காத்திருந்தார். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

பேச்சுவார்த்தையை நடத்த வேண்டியவர் அலுவலகத்தின் மூத்த அதிகாரி என்பது விதி. மேலாளர் கையேட்டோடு கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் விசில்காரர். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைப் படித்தார்.

“உங்கள் மனக்குறையைக் கேட்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். அவசரப்பட வேண்டாம். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.”

உள்ளே டெஸ்பாட்ச் தலையைச் சாய்த்தபடி நின்றிருந்தார். கூட்ட அறைக்குக் கூரை நல்ல உயரம், சாய்க்க வேண்டிய தேவையே இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நிமிர்ந்தார். இணைப்பு ஆ வரவில்லை, தன்னிடம் கோரிக்கை எதுவும் இல்லை என்று பிணைக்கைதிகளிடம் மெல்லச் சொன்னார். கணக்கர் உதவ முன்வந்தார். சிறையிலிருந்து யாரையாவது விடுதலை செய்யச் சொல்லலாம், அதுதான் வழக்கம். யாரை என்று கேட்டதற்கு அவருக்கும் தெரியவில்லை. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லுங்க தம்பி, ரெண்டு வருஷமா இல்ல என்றாள் அக்கா. அதை முதல் கோரிக்கையாக டெஸ்பாட்ச் கதவு வழியே சொன்னார். வெளியே காகிதம் புரளும் ஓசை. தாழ்ப்பாள் ஒரு வாரத்தில் போடப்படும் என்று பதில் வந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அவரை உரிமையோடு அழைத்துப் பேசவும்” என்று கையேட்டின் அடுத்த வரி இருந்திருக்க வேண்டும். மேலாளரின் குரல் தடுமாறியது. பிறகு, ஏழு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்திராத ஒரு குழைவோடு கேட்டது: “வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?”

“வீட்டுல இருந்தாத்தானே சார் கூப்பிடுவாங்க.”

இதை டெஸ்பாட்ச் திட்டமிட்டுச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லியது. அதோடு நிற்காமல், இரண்டாவது கோரிக்கை என் மாற்றல் என்றும் சொல்லிவிட்டது. வெளியே விசில்காரர் மேலாளரிடம், உங்க ஆளு ரொம்ப இயல்பா பண்றாருங்க, மத்த ஆபீஸ்ல எல்லாம் ஹெலிகாப்டர் கேக்கறாங்க என்று வியப்பது கேட்டது.

டெஸ்பாட்ச் கையைத் தொங்கவிட்டார். துப்பாக்கியின் மூக்கிலிருந்து மிச்சமிருந்த தண்ணீர் கறுப்பாகச் சொட்டிக் கம்பளத்தில் வட்டமிட்டது. மேலாளர் ஏதாவது சமாளிப்பாரென்று எதிர்பார்த்தார். ஆனால் கையேட்டில் சமாளிப்புக்கு வரி இல்லை போலிருக்கிறது. எத்தனை வருஷமா கேக்கறீங்க, பிள்ளைங்க எத்தனை, என்ன படிக்கறாங்க என்று மேலாளர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் அந்தப் பதினொரு நினைவூட்டல்களிலும் எழுதப்பட்டிருந்த விவரங்கள். பதில் சொல்லச் சொல்ல டெஸ்பாட்சின் குரல் தடித்துக்கொண்டே போனது. கதவை ஒரு தடவை தட்டினார். வெளியே நாற்காலி பின்னால் நகரும் ஓசை கேட்டது. அந்த ஓசை அவருக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இன்னொரு தடவை தட்டினார். நாற்காலி இன்னொரு தடவை நகர்ந்தது. பன்னிரண்டு காகிதங்களால் அசைக்க முடியாத ஒரு மனிதரைப் பாலிஷ் பூசிய பிளாஸ்டிக் ஒன்று ஒரு முழம் நகர்த்திவிட்டது என்று நினைத்தபோது அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்த இடத்தில் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

கணக்கருக்கோ முகம் ஒளிர்ந்துவிட்டது. அவர் எழுந்து வந்து டெஸ்பாட்சின் தோளைத் தொட்டார்.

“உன் பக்கம் நியாயம் இருக்குப்பா. இதோட கடவுள் பேரையும் ஒரு வார்த்தை சேத்துச் சொல்லிரு. அப்புறம் எவனும் மறுத்துப் பேச முடியாது.”

“கடவுள எதுக்கு இதுல சாட்சிக் கையெழுத்துக்கு இழுக்கறீங்க?” என்றாள் அக்கா. டப்பாவைத் திறந்திருந்தாள். “ஏழு வருஷத்துல நீங்க இவருக்காக மேனேஜர்கிட்ட ஒரு தடவை பேசியிருப்பீங்களா?”

தான் தினமும் வேண்டிக்கொண்டதாகக் கணக்கர் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்பது டெஸ்பாட்சுக்குத் தெரிந்தது. தலைக்கு மேலே பத்தடியில் இருந்த மேலாளரை விட்டுவிட்டு, எவ்வளவோ தூரத்தில் இருப்பவரிடம் மூன்று வேளையும் முறையிட்டிருக்கிறார் மனிதர். கோபப்படவும் முடியவில்லை. கடவுள் பேரைச் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசிக்கவும் செய்தார். சொன்னால் நாற்காலி இன்னும் எவ்வளவு தூரம் நகரும்? படிக்கட்டு வரைக்கும் போகுமா? அந்தக் கணக்கு மனதில் ஓடுவதைப் பார்த்து அவரே பயந்துபோய் துப்பாக்கியைக் கை மாற்றிக்கொண்டார்.

வெளியே விசில்காரர் அவசரப்படுத்தினார். நம்பிக்கையை வளர்க்க ஒரு கோரிக்கையையாவது எழுத்தில் ஏற்க வேண்டும் என்று கையேட்டில் ஏழாவது வரி இருக்கிறதாம். டெஸ்பாட்சின் சட்டைப் பையில் பன்னிரண்டாவது நினைவூட்டல் மடித்தபடி இருந்தது. எந்தச் சட்டையைப் போட்டாலும் அது இருக்கும். கதவுக்கு அடியில் தள்ளினார். பேனா மூடி திறக்கும் ஓசை வந்தது. காகிதம் திரும்ப உள்ளே வந்தபோது, கீழே ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தது. பக்கத்தில் டெஸ்பாட்சின் கறுப்புக் கட்டைவிரல் ரேகை. மூன்றாவது கோரிக்கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. விசில் ஒலித்தது.

கீழே படிக்கட்டு அருகே விசில்காரர் நின்றுகொண்டே படிவத்தை நிரப்பினார். தாக்கியவர் எண்ணிக்கை ஒன்று, சேதம் கம்பளத்தில் கறை. தாக்குதலின் மூல காரணம் என்ற இடத்தில் மதம், மொழி, நிலம், பிற என்று நான்கு கட்டங்கள். அவர் பேனா நேராக மதத்துக்குப் போய் ஒரு டிக் போட்டது.

“சார், என் காரணம் மதம் இல்ல சார். மாற்றல்” என்றார் டெஸ்பாட்ச்.

“மாற்றல்னு கட்டம் இல்லயே.”

“பிறன்னு ஒரு கட்டம் இருக்கு சார்.”

விசில்காரர் அடிக்குறிப்பைப் பேனாவால் தட்டிக் காட்டினார். பிற எனில் விளக்கத்தை மூன்று படிகளில் தனியே இணைக்கவும். இதை எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த அலுவலகத்தைத் தாக்குவது எப்போது என்று கேட்டார். எல்லா இடத்திலும் மதம்தான் போடுகிறாராம். எந்த மதம் என்று அடுத்த கேள்வி இருக்கிறது, ஆனால் அதைக் குறிப்பிடக் கூடாதென்று உத்தரவு, எனவே ஒரு கோடு போட்டால் போதும். “போன வருஷம் எல்லா ஆபீஸ் கணக்கையும் கூட்டிப் பாத்தா நூத்துக்குத் தொண்ணூறு மதம்தான் காரணம்னு வந்துச்சு. அத வச்சுப் பெரிய கருத்தரங்கே நடத்துனாங்க. நல்ல கூட்டம்.” பக்கத்தில் நின்ற கணக்கரின் முகம் சுருங்கியது. மதத்துக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம், நான்தான் உள்ளயே இருந்தேனே என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கூட்ட அறையில் தான் சொன்னது நினைவுக்கு வந்தது போலும், பாதியில் நிறுத்திவிட்டு நாற்காலியைத் தேடிப் போனார்.

அப்போதுதான் மேலாளர் கையை நீட்டினார். அந்தப் பேப்பரக் குடுத்துருங்க, அது டிரில் கையெழுத்து என்றார். குழைவெல்லாம் கையேட்டோடு மூடப்பட்டிருந்தது. டெஸ்பாட்சின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. பாதி வழியில் நின்றது. ஏழு வருடமாக எல்லாச் சுற்றறிக்கைகளையும் கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆள் அவர். பதினான்காவது பத்தி சார் என்றார். ஒத்திகையின்போது உருவான எல்லா ஆவணங்களையும் அறிக்கையோடு இணைத்து அன்றே தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். விசில்காரர் புரட்டிப் பார்த்து, ஆமா, இருக்கு என்றார். அனுப்ப வேண்டியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. மேலாளர் நீட்டிய கையால் தலையைத் தடவிக்கொண்டு மாடி ஏறினார்.

டிக் போட்ட கட்டத்தைப் பிற என்று திருத்த விசில்காரரைச் சம்மதிக்கவைக்க, மூன்று படிகளையும் அரை மணி நேரத்தில் தானே எழுதித் தருவதாக டெஸ்பாட்ச் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து வெள்ளைத் தாளை எடுத்தார். மூல காரணம் என்று தலைப்பிட்டார். அதற்குக் கீழே எழுதுவது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. மாற்றல் என்று எழுதிப் பார்த்தார், அடித்தார். மகள் கேட்கிற கேள்வியை எழுதினார், அதையும் அடித்தார். நாற்காலி நகர்ந்த ஓசையை எழுதலாமா என்று நினைத்து, எழுதாமலேயே அடித்தார். கடைசியில் பதிவேட்டைத் திறந்து, முதல் மனுவின் எண், தேதி, பிறகு பதினொரு நினைவூட்டல்களின் எண், தேதி என்று வரிசையாகப் பார்த்து எழுதினார். வேறு ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. மூன்று படி. அறிக்கை, படிவம், கைரேகை பதிந்த மனு எல்லாவற்றையும் உறையிலிட்டு, ஒட்டி, எண் போட்டு, விசில்காரரிடமே நேரில் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். தலைமை அலுவலகத்தில் இதைப் பிரிக்கிறவரும் தன்னைப் போல ஒரு டெஸ்பாட்ச்தானே, அவர் அதை மாற்றல் பிரிவுக்கு அனுப்புவாரா, கருத்தரங்குப் பிரிவுக்கு அனுப்புவாரா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. மதிய இடைவேளையில் தினமும் கூப்பிடுவாள்.

மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொன்னார். 

“எப்படிங்க?”

“கேட்டேன்.”

“ஏழு வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க?”

“இன்னைக்குக் கதவச் சாத்திட்டுக் கேட்டேன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. என்ன பண்ணுனீங்க என்று கேட்டாள். சாயங்காலம் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நாலு மணிக்குப் படியில் காலடி கேட்டது. மேலாளர் இறங்கி வந்தார். வழக்கமாக அவர் வாசலைப் பார்த்தபடியே போய்விடுவார். இன்று திரும்பி, படிக்கட்டுக்குக் கீழே வந்து, தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அங்கே வருகிறவருக்கு அந்தச் சாய்வு சரியாக வரவில்லை, கழுத்து வலிப்பது முகத்தில் தெரிந்தது. உட்காரலாமா என்று கேட்டார்.

உட்காருங்க சார் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் டெஸ்பாட்ச் கவனித்தார். அக்காவிடம் திருப்பிக் கொடுப்பதற்காகக் கழுவி, செய்தித்தாளில் காயவைத்திருந்த துப்பாக்கியின் மேல் தன் வலது கை இருந்தது. பாலிஷ் முக்கால்வாசி போய், அடியில் பச்சை தெரிந்தது. மேலாளரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிடலாம் என்று டெஸ்பாட்ச் நினைத்தார். மேலாளர் இன்னும் நின்றுகொண்டிருந்தார், தலையைச் சாய்த்தபடி.